பாலாறு கடல் சேரும் இடமும் இறகுத் தூண்டிலும்

தங்கவயலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம்ம ஊர் கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. ஆனால் சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரையிலிருந்து சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நம் அப்பாமாரும் தாத்தாமாரும் கடல் மட்டத்துக்கும் கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இறங்கி வேலை செய்தவர்கள். கடலைப் பார்க்காமலேயே கடலுக்கு அடியில் வாழ்ந்த கூட்டம் நாம்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. நமக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் நீரைத் தேக்கியது. அதே பாலாறு கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு, காஞ்சிபுரம் பக்கமெல்லாம் தொட்டு, சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. அந்த ஆற்றோரத்து மாவட்டங்களிலிருந்துதான் நம்மில் பலருடைய முன்னோர் பெட்டி படுக்கையோடு மாரிக்குப்பம் ரயிலில் வந்து இறங்கினார்கள். எங்கள் சமண நயினார் குடும்பங்கள் வாழும் ஆரணி, வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களும் இந்த ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவையே.

அந்த முகத்துவாரத்தைப் போன்ற ஆழமில்லாத உப்பங்கழிகளில், மழைக்காலத்தை ஒட்டி, இறகால் செய்த போலி ஈயைத் தூண்டிலில் கட்டி மீன் பிடிக்கும் ஒரு கலை உண்டு. ஆங்கிலத்தில் ஃப்ளை ஃபிஷிங் என்பார்கள். அதன் வரலாற்றை எழுத ஒரு சமண வியாபாரிக்கு என்ன உரிமை என்று சிலர் நினைக்கலாம். எங்கள் கடையில் ஆணி விற்றோம், கயிறு விற்றோம், பாத்திரம் விற்றோம்; தூண்டில் முள் மட்டும் விற்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகிறவர்கள் வந்து கேட்பார்கள். "அது மட்டும் வேணாம்ப்பா, பக்கத்துக் கடையிலே பாரு" என்பார் என் தகப்பனார். விற்காத பொருளைப் பற்றித்தான் எனக்கு ஆவல் அதிகம். அந்த ஆவலில் நாற்பது வருடமாகப் படித்துச் சேர்த்ததை இங்கே தருகிறேன்.

1873: ஒரே ஆண்டில் இரண்டு காரியங்கள்

மைக்கேல் ஃபிட்ஜெரால்ட் லவெல் என்ற முன்னாள் படைவீரர் கோலார் பகுதியில் தங்கம் தேட மைசூர் அரசிடம் அனுமதி கேட்டது 1873ஆம் ஆண்டு. நம்ம ஊர் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது மனப்பாடம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டதும் பிறகு நடந்த கதை.

அதே 1873இல் மேற்குக் கரையில் மங்களூரில் ஒரு புத்தகம் அச்சாகி வெளிவந்தது. பெயர் 'தி ராட் இன் இந்தியா'. எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ், மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. தென் கன்னட மாவட்டம் அப்போது மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே பணியாற்றியபோது ஆறுகளையும் மீன்களையும் கூர்ந்து பார்த்து எழுதியவர் இவர். இப்புத்தகம் 1881லும் 1897லும் மறுபதிப்புக் கண்டது. 1887இல் குளத்து மீன்பிடிப்பைப் பற்றி இன்னொரு நூலும் எழுதினார். தங்கத்தைக் கல்லிலிருந்து பிரிக்கும் சயனைடு முறைக்கு மெக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கிளாஸ்கோவில் காப்புரிமை வாங்கியதும் அதே 1887இல்தான். இவை தற்செயலான ஒற்றுமைகள்தாம். ஆனாலும் தங்கத்தின் கதையும் மீனின் கதையும் பிறகு ஒரு சட்டப் புத்தகத்தில் சந்திக்கப் போகின்றன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தாமஸ் முக்கியமாகப் புகழ்ந்தது மலையாறுகளில் வாழும் மாசீர் மீனை. ஆனால் ஆறு கடலைச் சேரும் உப்புநீர்ப் பகுதியையும் அவர் விட்டுவிடவில்லை. நாம் காலா என்று சொல்லும் மீனையும், கொடுவா என்று சொல்லும் மீனையும் அங்கே எப்படிப் பிடிப்பது என்று எழுதினார். கொடுவாவை அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் மலையாளப் பெயரை ஒட்டி 'நாயர் மீன்' என்று அழைத்தார்கள். மதராஸ் ராணுவ மருத்துவர் ஃபிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'இந்திய மீன்கள்' என்ற பெருநூலும் இதே காலத்தது. ஒருவர் மீனின் உடலை எழுதினார். மற்றவர் மீனின் பழக்கத்தை எழுதினார்.

இறகு ஈ என்பது என்ன?

நம் நாட்டுத் தூண்டில் எல்லோருக்கும் தெரியும். சங்கப் பாட்டுகளிலேயே பாணர்கள் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறார்கள். நெய்தல் நிலத்துப் பரதவர் வலையோடும் திமிலோடும் கடலுக்குப் போகிறார்கள். பட்டினப்பாலையில் சுறாமீனின் கொம்பை நட்டு வழிபடும் கடற்கரை மக்களைக் காண்கிறோம். ஆக மீன்பிடிப்பு நமக்குப் புதிதில்லை.

நாட்டுத் தூண்டிலில் புழுவோ இறாலோ இரையாக இருக்கும். ஈயக்குண்டின் கனம் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். இறகுத் தூண்டிலில் முறை தலைகீழ். முள்ளின் மேல் இறகையும் மயிரையும் பட்டு நூலால் சுற்றி ஒரு பூச்சி போலவோ குஞ்சு மீன் போலவோ செய்கிறார்கள். அதற்குக் கனமே கிடையாது. ஊதினால் பறக்கும். எனவே கயிற்றையே கனமாகச் செய்து, கோலை முன்னும் பின்னும் வீசி, சாட்டை போலக் கயிற்றைக் காற்றில் விரித்து, அதன் நுனியில் இறகை மெல்ல நீரில் இறக்குகிறார்கள். கயிறு இறகைச் சுமக்கிறது. முன்பு கயிறு எண்ணெய் ஊட்டிய பட்டு. இப்போது பிளாஸ்டிக் பூசியது. கோல் முன்பு மூங்கிலைப் பிளந்து ஒட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் செய்த அத்தகைய கோல்களுக்கு மூங்கில் நம் நாட்டிலிருந்தே போனது. 'கல்கத்தா மூங்கில்' என்றே அதற்குப் பெயர். பிற்பாடுதான் சீனத்து மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது.

இது ஆங்கிலேயர் கண்டுபிடித்ததும் இல்லை. கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் மக்கள் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். நன்னீரில் பிறந்த இந்தக் கலை உப்புநீருக்கு வந்து பெரிதாகப் பரவியது இருபதாம் நூற்றாண்டில், அதிலும் ஃபுளோரிடா போன்ற அமெரிக்கக் கரைகளில். தாமஸ் நம் மாகாணத்துக் கழிமுகங்களில் இதைப் பற்றி எழுதியது அதற்கு வெகு முன்னால் என்பது குறிப்பிடத்தக்கது.

ஐப்பசி கார்த்திகையில் ஏன்?

மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஆறு கலங்கிச் செம்மண்ணாக ஓடும். இறகைக் கண்ணால் பார்த்துத்தான் மீன் பாயவேண்டும். கலங்கிய நீரில் அது பலிக்காது. மழை ஓய்ந்து நீர் தெளியும்போது காலம் தொடங்குகிறது. நம் கிழக்குக் கரையில் கதை வேறு. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கோடையெல்லாம் மணல் அடைத்துக் கிடந்த முகத்துவாரத்தை ஆற்று வெள்ளம் உடைத்துத் திறக்கிறது. உள்ளே கழியில் வளர்ந்த இறாலும் மடவைக் குஞ்சும் ஓதத்தோடு போகவும் வரவுமாக இருக்கும். அவற்றைத் தேடிக் காலாவும் கொடுவாவும் பாரையும் இடுப்பளவு நீருக்கே வந்துவிடும். ஓதம் ஏறி இறங்கும் இடைவேளைதான் மீனவனுக்கு நல்ல நேரம்.

கொடுவாவைப் பற்றி ஒரு செய்தி. இது உப்புநீரில் முட்டையிடும். குஞ்சுகள் கழிக்கும் ஆற்றுக்கும் ஏறி வளரும். பிறகு கடலுக்கு இறங்கும். இளமையில் ஆணாக இருந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய மீன்களை மட்டும் பொறுக்கிப் பிடித்தால் தாய் மீன்களையே அழித்ததாகும். குஞ்சுகளைச் சின்னக் கண்ணி வலையால் அரித்தாலும் இனம் அழியும். ஆற்றில் நன்னீர் வராவிட்டால் குஞ்சு ஏற வழியே இல்லை. ஒரு மீனின் வாழ்க்கைக்கு ஆறும் கழியும் கடலும் மூன்றும் வேண்டியிருக்கிறது.

இறகு வந்த வழி

வியாபாரியின் கண்ணுக்கு இறகு எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் முதலில் தோன்றும். நம் தென்னாட்டு மலைக்காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகு சொட்டியது போல மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். நீருக்குள் அது மீனின் கண் போல மின்னும். அதனால் சால்மன் மீனுக்கான இறகு ஈக்களில் இதற்கு ஐரோப்பாவில் ஏகப்பட்ட கிராக்கி. ஒரு கழுத்துக்காக ஒரு பறவை. சீமாட்டிகளின் தொப்பிக்காகக் கொக்கும் நாரையும் செத்தது தனிக்கதை. 1902இல் பிரிட்டிஷ் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

எங்கள் திகம்பர முனிவர்கள் கையிலும் இறகு உண்டு. மயில் தானாக உதிர்த்த பீலியைச் சேர்த்துக் கட்டிய பிஞ்சம் அது. உட்காரும் இடத்தில் எறும்பு ஏதும் நசுங்கிவிடக் கூடாது என்று மெல்ல விலக்குவதற்காக. ஓர் இறகு எறும்பைக் காப்பாற்றுகிறது. இன்னோர் இறகு மீனை ஏமாற்றுகிறது. இறகு என்னவோ இறகுதான், வேறுபாடு பிடித்திருக்கும் கையில் இருக்கிறது.

தோட்டாவும் சட்டமும்

இனி அந்தச் சட்டப் புத்தகத்துக்கு வருவோம். ஆல்ஃபிரட் நோபல் 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். மலையை உடைக்கவும் பாதை போடவும் சுரங்கம் தோண்டவும் அது உதவியது. தங்கவயல் பிள்ளைகளுக்கு வெடிச் சத்தம் தாலாட்டு மாதிரி. ஆனால் அதே தோட்டாவை நீரில் போட்டால் அதிர்ச்சியில் மீனின் காற்றுப்பை கிழிந்துவிடும். பெரிய மீன், குஞ்சு, முட்டை எல்லாம் ஒன்றாகச் சாகும். மிதந்து வருவதைப் பொறுக்கிக்கொள்வார்கள்; அடியில் மூழ்கியது அழுகிப் போகும்.

இதை எதிர்த்தும், விஷம் கலப்பதை எதிர்த்தும், குஞ்சுகளை அரிக்கும் வலைகளை எதிர்த்தும் அரசிடம் தொடர்ந்து முறையிட்டவர்களில் தாமஸும் டேயும் முன்னணியில் இருந்தார்கள். கடைசியில் 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் நிறைவேறியது. அதன் நான்காம் பிரிவு, மீனைப் பிடிக்கவோ அழிக்கவோ நீரில் டைனமைட் முதலிய வெடிபொருளைப் பயன்படுத்துவோருக்கு இரண்டு மாதம் வரை சிறை அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம் என்றது. கரையோரக் கடலையும் அந்தப் பிரிவில் சேர்த்தார்கள். ஐந்தாம் பிரிவு விஷத்தையும் சுண்ணாம்பையும் தடுத்தது.

டைனமைட்டும் சயனைடு என்ற விஷமும்: நம்ம ஊர்ச் சோற்றுக்கு ஆதாரமான இரண்டு பொருளையும் மீன் சட்டம் அடுத்தடுத்த பிரிவுகளில் நிறுத்தி வைத்திருக்கிறது. பூமிக்கு அடியில் சோறு போட்ட பொருள், ஏரிக்கு வந்தால் குற்றம். பொருளுக்குக் குணம் இல்லை, இடத்துக்கும் எண்ணத்துக்கும்தான் குணம் என்பது இதிலும் தெரிகிறது.

ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு மீனவன்

எண்ணம் என்று சொன்னதும் சோமதேவ சூரி நினைவுக்கு வருகிறார். அவருடைய 'யசஸ்திலக சம்பு' கி.பி. 959இல் எழுதி முடிக்கப்பட்ட வடமொழி நூல். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் அப்போது மேல்பாடியில் பாளையமிட்டிருந்தான் என்று அந்நூலின் முடிவுரை கூறுகிறது. மேல்பாடி, திருவல்லத்துக்கு அருகே பொன்னை ஆற்றங்கரையில் இருக்கிறது. பொன்னையாறு பாலாற்றில் சேர்கிறது. பாருங்கள், மறுபடியும் நம் ஆற்றுக்கே வந்துவிட்டோம்.

அந்நூலில் மிருகசேனன் என்ற மீனவன் கதை வருகிறது. ஒரு முனிவர் அவனிடம் தொழிலை விடச் சொல்லவில்லை. "வலையில் முதலில் விழும் மீனை மட்டும் கொல்லாமல் விட்டுவிடு" என்கிறார். அவன் ஒத்துக்கொள்கிறான். முதல் மீன் விழுகிறது. அடையாளத்துக்காகத் துணிக்கிழிசலைக் கட்டி விட்டுவிடுகிறான். அடுத்த வீச்சிலும் அதே மீன். இப்படி ஐந்து முறை. பொழுது சாய்ந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் மனைவி கதவைச் சாத்துகிறாள். அன்றிரவே பாம்பு கடித்து இறந்து, அடுத்த பிறவியில் வணிகன் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, ஐந்து முறை கொலையிலிருந்து தப்பிக்கிறான். இன்று கடல் ஆராய்ச்சியாளர்கள் மீனுக்கு அடையாளப் பட்டை கட்டி விடுகிறார்கள் அல்லவா? மிருகசேனன் அதைச் செய்து ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது!

இப்போது உலகம் முழுவதும் இறகுத் தூண்டில்காரர்களில் பலர் பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுகிறார்கள். முள்ளின் எதிர்க் கொக்கியை நசுக்கி, ஈரக் கையால் தொட்டு, நீருக்குள்ளேயே கழற்றி விடுகிறார்கள். "ஐயா, இது உங்க அஹிம்சைதானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆகாது என்பது என் கருத்து. அதே சோமதேவர் அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார்: உழவன் உழும்போது உயிர்கள் சாகின்றன, ஆனால் கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை; மீனவன் வலையில் ஒன்றும் விழாத நாளிலும் எண்ணம் கொலையிலேயே இருக்கிறது. இந்த அளவுகோலால் பார்த்தால், வயிற்றுக்காகப் பிடிக்கும் பரதவரைவிட, விளையாட்டுக்காக மீனின் வாயில் முள்ளை ஏற்றி அது துடிப்பதை ரசிப்பவருக்குச் சொல்லிக்கொள்ளச் சமாதானம் குறைவு. திருப்பி விட்டாலும் ரசித்தது ரசித்ததுதான்.

அதற்காக அவர்களை ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வரிக்கொடுவா என்று நாம் பெயர் வைக்கக்கூடிய ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீன் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் நீர் குளிரத் தொடங்கியதும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை, குஞ்சு மீன்களைத் துரத்திக்கொண்டு கரையோரமாகவே தெற்கு நோக்கி இறங்கும். பாஸ்டன், நியூஜெர்சிப் பக்கம் குடியேறியிருக்கும் நம் பிள்ளைகள் இடுப்பளவு நீரில் நின்று கோல் வீசும் ஆட்களைப் பார்த்திருப்பார்கள். 1970களின் கடைசியில் இந்த மீன் அழிவின் விளிம்புக்குப் போனது. 1984இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை அதைப் பிடிப்பதையே நிறுத்தியது. 1995இல் இனம் மீண்டுவிட்டது என்று அறிவிக்க முடிந்தது. தூண்டில்காரர்களும் சேர்ந்து குரல் கொடுத்துத்தான் இது நடந்தது. மீனோடு விளையாட ஆசைப்பட்டவன் மீன் இல்லாமல் போவதை முதலில் கவனிக்கிறான். 1897இல் நம் நாட்டில் நடந்ததும் அதுதானே.

பொன் என்ற சொல்

திருக்குறளில் சூது அதிகாரத்தின் முதல் குறள் (931), சூதில் கிடைத்த வெற்றியை, தூண்டிலில் மறைந்திருக்கும் உலோகத்தை மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகிறது. அந்த உலோகத்துக்கு வள்ளுவர் போட்டிருக்கும் சொல் பொன். பரிமேலழகர் அதற்கு இரும்பு என்றே உரை சொல்கிறார். பழந்தமிழில் பொன் என்பது உலோகம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர், இரும்பு கரும்பொன். ஆனாலும் தங்கவயலில் பிறந்தவனுக்கு அந்தக் குறளைப் படிக்கும்போது பொன் என்பது தங்கமாகவே காதில் விழுகிறது. நூற்றிருபது வருடம் போலப் பொன்னை நம்பி வாழ்ந்து, ஒருநாள் சங்கு ஊதாமல் போனபோது முள் எங்கே இருந்தது என்று தெரிந்தது. இதை வருத்தப்பட்டுச் சொல்கிறேனே தவிர யாரையும் குறை சொல்லவில்லை. அந்தப் பொன்தான் நம்மைப் படிக்கவும் வைத்தது.

செய்ய வேண்டியவை

1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது. 2021 நவம்பரில் மறுபடியும் பெருவெள்ளம் வந்து, பல காலம் மணலாகவே கிடந்த ஆற்றைக் கடல் வரைக்கும் நிரப்பியது. நடுவே வந்த வருடங்களில் பெரும்பாலும் அந்த ஆற்றில் ஓடியது மணல் லாரிகள்தான். மணல் போனால் நிலத்தடி நீர் போகும். நன்னீர் கடலுக்குப் போகாவிட்டால் முகத்துவாரம் அடைபடும். முகத்துவாரம் அடைபட்டால் கொடுவாக் குஞ்சு ஏறாது. சுரங்கத்தில் மேல் மட்டத்தில் தண்ணீர் கசிந்தால் கீழ் மட்டத்துக்காரனுக்குத்தான் ஆபத்து என்று நமக்குத் தெரியாதா? ஆற்றுக்கும் அதே நியாயம்தான். நாம் மேல் மட்டத்தில் இருக்கிறோம்.

ஆகவே நம் சங்கத்து இளைஞர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பேத்தமங்கலம் ஏரியில் தூண்டில் போட்ட பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்த மாதத்தில் எந்த மீன் கிடைத்தது, எப்போது கிடைக்காமல் போனது என்று அவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மீன் பிடிக்காத நான் கேட்டால் சிரிக்கிறார்கள்; பேரப்பிள்ளைகள் கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வார்கள். இரண்டாவது, ஒரு கார்த்திகை மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வயலூர் வரைக்கும் போய் வாருங்கள். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையையும் பார்த்துவிடலாம். முகத்துவாரத்தில் நின்று, இது நம்ம ஏரித் தண்ணீர்தான் என்று காட்டுங்கள். கட்டுச்சோறு கொண்டுபோனால் இலையையும் பிளாஸ்டிக்கையும் அங்கே போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.